கல்யாண லோடு

எங்கள் சிறுதொழில் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு செயலாளர் அய்யம்பெருமாள் மூன்று முறை போன் செய்துவிட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘வேலையை வெளியே கொடுப்பதால் தொழிலுக்கு வரும் நன்மைகள்.’

“புதுசா ஒண்ணும் யோசிக்க வேணாம்ணே. மேடையில பேசுறத அப்படியே எழுதிக் குடுங்க. அந்தச் சாவு வூட்டுக் கதை கண்டிப்பா வரணும். அதுக்குத்தான் கைதட்டல் அள்ளுது” என்றார்.

அந்தக் கதை வருகிறது. ஆனால் இந்தத் தடவை யாருக்கும் கைதட்டத் தோன்றாது. இருசம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் வீடு வரைக்கும் போய், எதிரில் உட்கார்ந்தும் வாய் வரவில்லை. அதனால்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மலரில் போடுவதும் போடாததும் அய்யம்பெருமாள் இஷ்டம்.

நான் கொளஞ்சி. பெரம்பலூரில் ‘வெங்காய கொளஞ்சி’ என்றால் தெரியும். செட்டிகுளம் பக்கத்துக் காடுகளில் விளையும் சின்ன வெங்காயத்தை மூட்டையாக வாங்கி, தோலுரித்து, திருச்சி ஓட்டல்களுக்கும் இங்கே இருக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் அனுப்புவது என் தொழில். ஓட்டல்காரர்களுக்கு உட்கார்ந்து உரிக்க ஆள் இல்லை, அதனால் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் அதை வேறு கைகளில் கட்டினேன்.

நன்மைகளைச் சொல்லச் சொன்னார்கள், சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் துறையூர் ரோட்டில் ஷெட் பிடித்து எட்டுப் பெண்களை உட்கார வைத்து உரித்தேன். ஷெட் என்று வந்துவிட்டால் வாடகை வேண்டும், லைட் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும், கக்கூஸ் வேண்டும். மழை பெய்தால் நாலு பேர் வரமாட்டார்கள். வந்த நாலு பேரில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. காதுகுத்து, தீமிதி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தினமும் ஒரு காரணம். சாயங்காலமானால் ஓட்டல் மேனேஜர் போனில் என்னைக் காய்ச்சுவார், நான் அந்தப் பெண்களைக் காய்ச்சுவேன். ஒன்றரை வருஷத்தில் எனக்கு சர்க்கரை வந்ததுதான் மிச்சம்.

அப்புறம்தான் ஷெட்டைப் பூட்டினேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில், பேரளி தாண்டி ஒரு ஊர். ஊரை ஒட்டி ஒரு காலனித் தெரு. அந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடுகளுக்கு மூட்டையை இறக்கிவிட்டு வர ஆள் விட்டுப் பேசி ஏற்பாடு செய்தேன். என் குட்டி யானை வண்டியை வெள்ளைச்சாமி ஓட்டுவான். காலையில் மூட்டை இறங்கும், சாயங்காலம் நாலு மணிக்கு உரித்த வெங்காயம் டிரேயில் ஏறும். உரித்த எடைக்குக் கூலி. யார் உரிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து உரிக்கிறார்கள், சாப்பிட்டார்களா என்பதெல்லாம் என் கவலையில் இருந்து ஒரே நாளில் கழன்றுபோயிற்று. ‘அதுதாங்க பெரிய லாபம்’ என்று மேடையில் சொல்வேன். அதில் பொய் இல்லை. இரண்டாம் வருஷமே வண்டிக் கடன் அடைந்தது. மூன்றாம் வருஷம் வீட்டுக்கு மாடி எடுத்தேன்.

அவர்களுக்கும் நன்மை இருந்தது. அதை நான் மறைக்க வேண்டியதில்லை. களை வெட்ட வெயிலில் போவதை விட்டுவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டே, பிள்ளை படிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே உரிக்கலாம். இதைக் கேட்டால் இருசம்மாளும் ஆமாம் என்றுதான் சொல்வார். என்னைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

பதினோரு வருஷம் இருசம்மாள் எனக்கு உரித்தார். அத்தனை வருஷத்தில் எனக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மற்றவர்கள் பன்னிரண்டு கிலோ உரிக்கும் நேரத்தில் அவர் இருபது உரிப்பார். இரண்டு, வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட மாட்டார். ஊறப்போட்டால் தோல் சுலபமாகக் கழன்று வரும், ஆனால் மறுநாளே அழுகிவிடும். தெருவில் பாதிப் பேர் கள்ளத்தனமாக ஊறப்போடுவார்கள். இவர் ஒருநாளும் போட்டதில்லை. அவர் டிரேயை மட்டும் நான் கையை விட்டுப் பார்க்காமலே திருச்சி வண்டியில் ஏற்றச் சொல்வேன்.

மற்றதெல்லாம் போன மாதம்தான் தெரிந்தது. பிறந்தது மீன்சுருட்டிப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, கதிர் அறுத்துப் பிழைத்தவர்கள். ஏழு வயதில் இவரும் வரப்பில் இறங்கிவிட்டார். பள்ளிக்கூடம் மூன்று மாதம். பத்தொன்பது வயதில் ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராசாங்கம் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் வேலைக்கு தினமும் பஸ்ஸில் போய் வந்தவர். ஒரே பெண், மணிமொழி. அந்தப் பெண் காட்டு வேலைக்கு மட்டும் போகக் கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முடிவெடுத்து, அதற்காகத்தான் முதல் நாள் வெள்ளைச்சாமியிடம் மூட்டை வாங்கியிருக்கிறார்கள்.

இப்போது என் வண்டவாளத்துக்கு வருகிறேன்.

வெளியே வேலை கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கண் முன்னால் ஆள் இல்லாததால் விரட்ட முடியாது. ‘ஓட்டல் லோடு, சீக்கிரம் முடிங்க’ என்றால், ‘நாளைக்குத் தர்றோமே’ என்பார்கள். ஒருநாள் தற்செயலாக ‘கல்யாண லோடு’ என்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்தவர்கூட எழுந்து உட்கார்ந்து உரித்தார். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கிறது, பந்தியில் சாம்பார் தாமதமானது இந்தத் தெருவால்தான் என்ற சொல்லை அங்கே யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்தபோது என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவசரம் வந்தபோதெல்லாம் கல்யாணம்தான். வாரத்துக்கு மூன்று கல்யாணம் நடத்தி வைத்தேன். உண்மையில் அந்த வருஷங்களில் எனக்கு ஒரு கல்யாண ஆர்டர்கூடக் கிடையாது. சமையல் கான்ட்ராக்டர்கள் என்னிடம் வர ஆரம்பித்ததே வெகு நாள் கழித்துத்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முந்தி, ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. தெருவில் சில வீட்டுக்காரர்கள் குலதெய்வத்துக்குப் போயிருந்தார்கள். அதனால் இருசம்மாள் வீட்டில் முந்தின நாள் சாயங்காலமே ஒரு முழு மூட்டை, ஐம்பது கிலோ, இறக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் பதினோரு மணிக்கு போன் போட்டேன்.

“என்ன இருசம்மா, எந்த அளவுல இருக்கு?”

“மொதலாளி, எங்க வூட்ல அவரு காலையில...”

“வூட்டுக் கதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இது கல்யாண லோடு. நாலு மணிக்கு வெள்ளைச்சாமி வந்துடுவான். தாலி கட்டுற எடத்துல நம்மளால ஒரு தடங்கல் வரக் கூடாது, பாத்துக்க.”

வைத்துவிட்டேன். பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. டிவி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வண்டி வந்தது. வெள்ளைச்சாமி இறங்காமலே சொன்னான்: “அண்ணே, ராசாங்கம் செத்துட்டாருண்ணே. காலையில வேலைக்குக் கெளம்புனவரு, நெஞ்ச புடிச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்லயே ஒக்காந்துட்டாராம். நான் போறப்ப பாடை கட்டிட்டு இருக்காங்க. லோடு மட்டும் எதுத்த வூட்டு வாசல்ல அடுக்கி, துணி போட்டு மூடி ரெடியா வச்சிருந்தாங்க.”

நான் கேட்ட முதல் கேள்வி: “எடை போட்டியா?”

“போட்டேண்ணே. சரியா இருந்துச்சு.”

மறுநாள் போகலாம் என்றுதான் நினைத்தேன். செட்டிகுளத்தில் சரக்கு வந்துவிட்டது. ஒரு மாலையை வாங்கி வெள்ளைச்சாமி கையில் கொடுத்தனுப்பினேன். அவன் போனபோது எடுத்து முடித்து ஒரு நாள் ஆகியிருந்தது. மாலையை வாசல் கூரையில் செருகிவிட்டு வந்தானாம். பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் போகவில்லை.

போகாத நான் அந்தச் சாவை வைத்துப் பேர் வாங்கினேன். முதலில் திருச்சி ஓட்டல் மேனேஜரிடம் சொன்னேன். ‘நம்ம சப்ளை எப்படி தெரியுமா சார், புருஷன் செத்த அன்னிக்கும் லோடு நிக்கல’ என்று. அவர் அசந்துபோய் ஆர்டரைக் கூட்டினார். அப்புறம் சங்கக் கூட்டங்களில் சொன்னேன். சொல்லச் சொல்ல கதைக்குக் கை கால் முளைத்தது. அவர் பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் கையாலேயே கடைசி வெங்காயம் வரை உரித்தார் என்று சேர்த்தேன். யார் என்னிடம் அப்படிச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கேட்பவர்களுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் பெரம்பலூர் பாலக்கரை அருகே ஒரு மண்டபத்தில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பயிற்சி நடந்தது. அறுபது பேர் இருப்பார்கள். எனக்குப் பிறகு பேங்கிலிருந்து ஒரு அதிகாரி கடன் திட்டங்களைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். ஷெட் கதையில் சிரிக்க வைத்தேன், சர்க்கரையில் சிரிக்க வைத்தேன். கடைசியாக அந்தக் கதைக்கு வந்தேன்.

“பேரளி தாண்டி ஒரு பொம்பளைங்க. புருஷன் செத்த அன்னிக்கு ஐம்பது கிலோ உரிச்சுக் குடுத்துச்சு! ஷெட்டுல வச்சு வேலை வாங்கியிருந்தா பதினாறு நாள் லீவு கேக்கும். வெளிய குடுத்ததால அரை நாள்கூட லீவு இல்ல. அதுலயும் வெங்காயம் பாருங்க, புருஷனுக்கு அழுத மாதிரியும் ஆச்சு, நம்ம வேலை முடிஞ்ச மாதிரியும் ஆச்சு!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அய்யம்பெருமாள் மேஜையைத் தட்டிச் சிரித்தார். முன்வரிசையில் இளம் வயதுப் பெண் ஒருவர், கழுத்தில் பேங்க் அடையாள அட்டை, மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என் பேச்சு புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினேன்.

டீ குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்தார். கையில் டீ இல்லை.

“சார், அந்த அம்மா பேரச் சொல்லலையே நீங்க?”

“பேரா? இருசம்மான்னு...”

“இருசம்மாள். எங்க அம்மா சார். நான் மணிமொழி.”

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். ‘நல்லா வந்துட்டியேம்மா’ என்று சொன்னேனா, ‘தெரியாதும்மா’ என்று சொன்னேனா, சத்தியமாக ஞாபகம் இல்லை. அவர் அதற்குக் காத்திருக்கவும் இல்லை. குரலை உயர்த்தாமல், கடன் கேட்டு வந்தவருக்கு விவரம் சொல்வது மாதிரி சொன்னார்.

“அன்னிக்கு நான் ப்ளஸ் டூ படிச்சுட்டு இருந்தேன். ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வந்தாங்க. நீங்க போன் பண்ணப்ப அப்பா பக்கத்துலதான் அம்மா ஒக்காந்திருந்தாங்க. வச்சதும் எழுந்திரிச்சு, ‘கல்யாண லோடாம், என்ன பண்றது’ன்னு எல்லாரையும் பாத்தாங்க. துக்கத்துக்கு வந்தவங்கதான் சார் உரிச்சாங்க. பதினோரு பேரு. மீன்சுருட்டிலேர்ந்து எங்க பெரியம்மா பஸ்ஸ புடிச்சு வந்தாங்க, அப்பா கால்ல விழுந்து அழுதாங்க, அப்புறம் தலைக்கு ஊத்திக்கிட்டு எதுத்த வூட்டு வாசலுக்குப் போயி ஒரு கத்திய எடுத்துக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. எங்க அம்மா உரிக்கல. தொடக்கூட இல்ல.”

நான் டீ கப்பை மேஜையில் வைத்தேன்.

“இன்னொண்ணு சார். தெனம் உரிக்கிறவங்களுக்கு வெங்காயத்துல கண்ணு கலங்காது. எங்க அம்மா அன்னிக்கு அழுதது எங்க அப்பாவுக்கு மட்டும்தான்.”

சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கடனைப் பற்றித் தெளிவாகப் பேசினார். யாரோ கேட்ட கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை குத்திச் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும், அந்தக் கோபத்தில் வெட்கத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அதற்கும் அவர் வழி விடவில்லை. அறுபது பேருக்கு நடுவில் துணி இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தேன். ‘கல்யாண லோடாம்’ என்று அவர் சொன்னதுதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. அன்றைக்குக் கல்யாணம் ஏது? அது திருச்சி ஓட்டல் ஒன்றுக்கு வாரா வாரம் போகும் வியாழக்கிழமை லோடு. ஒரு நாள் போகவில்லை என்றால் பெரிய வெங்காயத்தைப் போட்டுச் சாம்பாரை முடித்திருப்பார்கள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. என் மனைவி சிந்தாமணி கேட்டுக் கேட்டுப் பிடுங்கிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, “நாளைக்கு வெள்ளைச்சாமிகிட்ட பழமும் ஒரு பொடவையும் குடுத்து அனுப்பலாமா?” என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மாலையும் அவன் கையில, மன்னிப்பும் அவன் கையிலயா? அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?”

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். அவரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உன் புருஷன் சாவை வைத்துச் சிரிக்க வைத்தேன் என்பது ஒன்று. அன்றைக்குக் கல்யாணமே இல்லை என்பது இன்னொன்று. முதலாவது மகள் வாயால் அவருக்குத் தெரிந்திருக்கலாம். இரண்டாவது என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

பேரளி தாண்டியதும் வண்டியை நிறுத்தி வழி கேட்டேன். என் வெங்காயம் தினமும் போய் வந்த தெருவுக்கு எனக்கு வழி தெரியவில்லை. கேட்டவருக்கு நான் யாரென்று தெரிந்திருந்தது. “வெங்காய மொதலாளிங்களா? நேரா போயி பூவரச மரத்துக்கிட்ட திரும்புங்க” என்றார். அந்தப் பூவரச மரம் எதிர் வீட்டு வாசலில் நின்றது. அதன் அடியில்தான் அன்றைக்கு உரித்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால் இருசம்மாள் வீட்டு நடை நேராகத் தெரிகிறது. கிடத்தியிருந்தவரின் கால்மாடு தெரிந்திருக்கும்.

ஹாலோ பிளாக் கல்லில் கட்டிய புது வீடு, இன்னும் பூச்சு முடியவில்லை. இருசம்மாள் வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பு, காதோரம் நரை. இடது கட்டை விரலில் கத்தி பட்டுப் பட்டுக் கோடு கோடாகக் காய்த்திருந்தது. மகளுக்கு வேலை கிடைத்த பிறகு உரிப்பதை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, விரல் மட்டும் மறக்கவில்லை.

“வாங்க மொதலாளி, வாங்க” என்று பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. “நீங்க ஒக்காருங்கம்மா” என்றேன். அதுவரை அவரை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த ‘நீங்க’ அவருக்கும் பழக்கமில்லை, எனக்கும் பழக்கமில்லை. இரண்டு பேரும் ஒரு நாற்காலியை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம். மணிமொழி உள்ளே இருந்து இன்னொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, டீ போடப் போனார்.

இருசம்மாள் மீன்சுருட்டிக் கதையெல்லாம் சொன்னார். நான் கேட்டதற்காகச் சொன்னார். மகள் பரீட்சைக்குப் படித்தது, முதல் சம்பளத்தில் அரியலூர் போய் அப்பா படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கி வந்தது எல்லாம் சொன்னார். டீ வந்தது. எங்கள் சொந்தத்தில் யாரும் அந்தத் தெருவில் கை நனைத்ததில்லை. எனக்கும் அது முதல் டீ. குடித்து முடித்த கப்பைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன்.

“அம்மா, அன்னிக்கு நான் போன் பண்ணேன்ல...”

“அதத்தான் மொதலாளி, நானே ஒங்கள பாத்து ஒண்ணு கேக்கணும்னு ஒம்போது வருசமா மனசுல வச்சிருக்கேன்” என்று அவர் முந்திக்கொண்டார். “வெள்ளைச்சாமி தம்பிகிட்ட கேக்கலாம்னு பாப்பேன், கூச்சமா இருக்கும். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அவரு போன பொறவு என் கை அந்த வெங்காயத்துல படவே இல்லீங்க. தாலி எறக்கப்போற கை, இன்னொரு பொண்ணு தாலி கட்டிக்கிற வூட்டுக்குப் போற பொருளத் தொடலாமா? பாதிக்குக் கொஞ்சம் கொறைய நான் உரிச்சது, ஆனா அது அவரு உசுரோட இருக்கறப்பவே உரிச்சது. மிச்ச மூட்டைய எதுத்த வாசலுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன். எங்க பங்காளி வூட்டு ஆளுங்க, எம் மக, யாரையும் தொட வுடல. தீட்டு இல்லாதவங்களா பாத்து, அக்கம்பக்கத்து ஆளுங்களும் எங்க அக்கா வகையும்தான் உரிச்சாங்க. கத்தியக்கூட வேற வூட்ல வாங்கிக் குடுத்தேன். நம்ம வூட்டு எழவு அந்தப் பொண்ணோட போயிடக் கூடாதேன்னு.”

அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார்.

“இருந்தாலும் மனசு கேக்கல மொதலாளி. என்ன இருந்தாலும் சாவு வூட்டுல இருந்து போனதுதானே. ஒவ்வொரு ஆவணிக்கும் நெனச்சுக்குவேன், சிறுவாச்சூர் கோயிலுக்கு நடந்து போறப்பல்லாம் அந்தப் பொண்ணுக்காகவும் ஒரு வெளக்கு ஏத்துவேன்.” அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து என் முகத்தையே பார்த்தார். “அந்தப் பொண்ணு நல்லா இருக்குதுங்களா?”

இல்லாத பெண்ணுக்கு ஒன்பது வருஷமாக விளக்கு ஏற்றியிருக்கிறார். தன் புருஷன் பிணத்தை நடையில் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தாலிக்குத் தீட்டுப் படாமல் காவல் காத்திருக்கிறார். நான் வண்டியில் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. கல்யாணமே இல்லை, ஒரு ஓட்டல் சாம்பாருக்காக உங்கள் சாவு வீட்டில் பதினோரு பேரைக் கத்தி பிடிக்க வைத்தேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

“நல்லா இருக்காங்கம்மா” என்றேன்.

“கொழந்த குட்டி?”

“ரெண்டு.”

“ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணா?”

“ஆமாம்மா.”

“பேரு என்னங்க அந்தப் பொண்ணுக்கு?”

“கவியா” என்றேன். என் தம்பி மகள் பெயர். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கவியா” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். திறந்தபோது கண் நிறைந்திருந்தது. “அது போதும் எனக்கு. இனிமே நிம்மதியா இருப்பேன். இதச் சொல்றதுக்காகவா இம்புட்டு தூரம் வந்தீங்க? ஒங்க மனசு யாருக்கு வரும்!”

மன்னிப்புக் கேட்கப் போனவன் நல்ல பெயர் வாங்கிக்கொண்டு எழுந்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த அசிங்கங்களிலேயே பெரியது அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்ததுதான்.

மணிமொழி வண்டி வரைக்கும் வந்தார். பேங்கில் உட்கார்ந்து தினமும் எத்தனையோ பேர் பொய் சொல்வதைக் கேட்கிறவர். “எந்த ஊர்ல சார் அந்தக் கல்யாணம்?” என்று கேட்டார்.

“திருச்சி” என்று சொல்லி வண்டியைக் கிளப்பிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் பூவரச மரத்தடியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

மேடையில் இனி நான் அந்தக் கதையைச் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து வெள்ளைச்சாமியிடம் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறேன்: எந்த லோடு எங்கே போகிறதோ அதை உள்ளபடி சொல்லித்தான் மூட்டையை இறக்க வேண்டும். இதனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஓட்டல்காரரிடம் ஏச்சு வாங்குகிறேன். இதெல்லாம் நான் திருந்திவிட்டேன் என்று காட்ட எழுதவில்லை. திருந்தியவனாக இருந்தால் மறுபடி பேரளிக்கு வண்டியை எடுத்திருப்பேன். மூன்று தடவை கிளம்பினேன். மூன்று தடவையும் பழைய பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை.

சங்கத்தின் மலர் எல்லா பேங்க்குக்கும் ஒரு பிரதி போகும் என்று அய்யம்பெருமாள் சொல்லியிருக்கிறார். மணிமொழி இதைப் படிப்பார். இருசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அன்றைக்குக் கல்யாணம் இல்லை, கவியா இல்லை, இரண்டு குழந்தையும் இல்லை என்பதை அவருக்குப் படித்துக் காட்டுவதா, அந்த விளக்கை அப்படியே எரிய விடுவதா என்று மகள்தான் முடிவெடுக்க வேண்டும்.

எழுதி முடித்துவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தேன். நான் சொல்லியிருக்க வேண்டியது இது. இந்த வேலையையும் வெளியே கொடுத்துவிட்டேன், அதே வீட்டுக்கு.